காந்தப் புயல் வந்தால் குழந்தைக்கு ஆகாதா?

போன இதழில் பிரஷர் குக்கர் கேஸ்கட்டைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை அடுப்பங்கரையை விட்டு மேலே, ரொம்ப மேலே போய் வரலாம், வாருங்கள். காரணமில்லாமல் கூப்பிடவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது நம் செல்போனுக்கு ஒரு செய்தி வருகிறது. இன்று ராத்திரி பன்னிரண்டரை மணியிலிருந்து மூன்றரை வரை விண்வெளிக் கதிர்கள் பூமிக்குப் பக்கத்தில் வருகிறதாம், போனை அணைத்து எட்ட வைக்க வேண்டுமாம், பிள்ளைகளை வெளியே விடக் கூடாதாம். யார் எழுதியது, எந்த வருஷம் எழுதியது என்று ஒன்றும் இருக்காது. ஆனாலும் பெற்ற வயிறு பதறுகிறது, இல்லையா?

2024 மே மாதம் இந்தச் செய்தி சுற்றிய சமயத்தில் நிஜமாகவே ஒரு பெரிய காந்தப் புயலும் வந்திருந்தது. எங்கள் தெருவில் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த பெண் என்னிடம், "அக்கா, வெக்கை தாங்காம நாலு மாசக் குழந்தையோட மொட்டை மாடியிலதான் படுக்கிறோம். புயல் முடியிற வரைக்கும் உள்ளே போயிடட்டுமா?" என்று கேட்டாள். "கொசுவலையைக் கட்டிக்கிட்டு நிம்மதியாத் தூங்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறேன்.

பூமிக்கு ஒரு போர்வை

பூமி ஒரு பெரிய காந்தம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நம் காலுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் இரும்பு உருகிக் குழம்பாகச் சுழன்று கொண்டிருக்கிறது. அந்தச் சுழற்சியில் மின்சாரம் பிறக்கிறது. மின்சாரம் ஓடினால் காந்த சக்தி உண்டாகும். அந்த சக்தி பூமிக்குள்ளேயே அடங்கி விடாமல் ஆகாயத்திலும் வெகுதூரம் பரவி, பூமியைச் சுற்றி ஒரு போர்வை மாதிரி நிற்கிறது. இதைத்தான் காந்த மண்டலம் என்கிறார்கள்.

போர்வை எதற்கு? சூரியன் வெளிச்சத்தையும் உஷ்ணத்தையும் மட்டும் அனுப்புவதில்லை. மின்சாரம் ஏறிய பொடித் துகள்களையும் ஓயாமல் ஊதிக்கொண்டே இருக்கிறது. இதற்குச் சூரியக் காற்று என்று பெயர். சாதாரண நாளிலேயே செகண்டுக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகம். சென்னையில் புறப்பட்டால் திருச்சியைத் தாண்டி நிற்க ஒரே ஒரு செகண்டு போதும்! நம் காந்த மண்டலம் அதை எதிர்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுக்கி விடுகிறது. அதனால் அந்த மண்டலம் உருண்டையாகவும் இல்லை. சூரியனைப் பார்த்த பக்கம் அமுங்கிச் சுமார் 64,000 கிலோமீட்டரில் நின்று விடுகிறது. இரவுப் பக்கமோ எதிர்காற்றில் நடக்கும் பெண்ணின் கூந்தல் மாதிரி பின்னால் பறந்து, சந்திரன் இருக்கும் தூரத்தையும் தாண்டி நீளுகிறது.

புயல் எப்படி வருகிறது?

சில சமயம் சூரியன் ஊதுவதோடு நிற்பதில்லை. கோடிக்கணக்கான டன் எடையுள்ள வாயுவை ஒரே மூச்சில் வீசி எறிகிறது. அந்த வாயு மேகம் தனக்கென்று ஒரு காந்த சக்தியையும் சுமந்துகொண்டு வரும். சூரிய வெளிச்சம் நம்மிடம் வர எட்டு நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதலாகிறது. இந்த மேகம் வர ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை ஆகலாம். மகா வேகமான சில மேகங்கள் ஒரு நாளுக்குள்ளேயே வந்திருக்கின்றன.

வந்து மோதியதும் முதலில் நடப்பது அமுக்கம். முன்பக்கம் பந்தைக் கையால் அழுத்தினது போல் உள்ளே போகிறது. நாம் டி.வி. பார்க்க உதவும் செயற்கைக் கோள்கள் தரையிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. சாதாரணமாக அவை போர்வைக்குள்ளேதான் இருக்கும். கடும் புயலில் போர்வை அவற்றுக்கும் கீழே அமுங்கி விடுகிறது. அப்போது அந்தச் செயற்கைக் கோள்கள் சூரியக் காற்றில் வெறும் மேலோடு நிற்கின்றன. 2024 அக்டோபரில் வந்த புயலில் கொஞ்ச நேரம் இப்படி நடந்ததை, நம் நாட்டு ஆதித்யா-எல்1 தந்த விவரங்களையும் வைத்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அமுங்குவதோடு போனால் பரவாயில்லை. இனிமேல்தான் முக்கியமான கட்டம்.

கதவு திறக்கும் நேரம்

பிள்ளைகள் இரண்டு காந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டு விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு விதமாகக் காட்டினால் தள்ளிக்கொள்ளும். திருப்பிக் காட்டினால் 'டப்'பென்று ஒட்டிக்கொள்ளும். ஆகாயத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். பூமிக்கு முன்னால் நம் காந்தக் கோடுகள் வடக்கே பார்த்து நிற்கின்றன. வருகிற மேகத்தின் காந்தமும் வடக்கே பார்த்திருந்தால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். அது தெற்கே பார்த்திருந்தால் அதன் கோடுகளும் நம் கோடுகளும் அறுந்து, ஒன்றோடொன்று பிணைந்து கொள்ளும். போர்வையில் கதவு திறந்த மாதிரி ஆகிவிடும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டஞ்சி என்ற விஞ்ஞானி 1961-லேயே இந்த விளக்கத்தைச் சொன்னார்.

பிணைந்த கோடுகளைச் சூரியக் காற்று பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. வால் நீண்டு நீண்டு, முறுக்கேறி, ஒரு கட்டத்தில் அங்கேயும் அறுந்து சேர்கிறது. குழந்தையின் நிஜாரில் இலாஸ்டிக்கை இழுத்து விட்டால் 'சுளீர்' என்று திரும்பி வருமே, அப்படி. அந்த வேகத்தில் துகள்கள் பூமியை நோக்கி வீசி எறியப்படுகின்றன. கொஞ்சம் துருவப் பக்கத்து ஆகாயத்தில் விழுந்து பச்சையும் சிவப்புமாக ஒளி வீசுகிறது. 2024 மே 10-ஆம் தேதி இரவு நம் லடாக்கில் உள்ள ஹான்லேயில் கூட இந்தத் துருவ ஒளி சிவப்பாகத் தெரிந்தது. அங்கே வானத்தைப் பார்க்க வைத்திருக்கும் காமிரா அதைப் படம் பிடித்தது.

மீதித் துகள்கள் பல ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வளையமாக ஓட ஆரம்பிக்கின்றன. வானத்தில் ஒரு மின்சார வளையல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இதில் ஒரு வேடிக்கை. கடும் புயல்களில் இந்த வளையத்தில் ஓடுவதில் பெரும்பங்கு சூரியனிலிருந்து வந்த சரக்கே இல்லை. நம் பூமியின் மேல்காற்றிலிருந்து கிளப்பிக்கொண்டு போன ஆக்ஸிஜன்தான்! வந்த விருந்தாளி நம் வீட்டு அரிசியையே எடுத்து உலை வைத்த கதை.

இந்த வளையத்தின் காந்த சக்தி பூமியின் சக்திக்கு எதிராக வேலை செய்வதால், தரையில் நம் காந்த சக்தி கொஞ்சம் குறைகிறது. அந்தக் குறைவை நானோ டெஸ்லா என்ற அளவில் கணக்கிட்டுத்தான் புயலின் பலத்தைச் சொல்கிறார்கள். 2024 மே புயலில் குறைந்தது சுமார் 400. 1989 மார்ச் புயலில் 589. அதற்கெல்லாம் பாட்டி ஒன்று 1859 செப்டம்பரில் வந்தது. அன்று பம்பாய் கொலாபா ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் கருவியைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கையால் குறித்து வைத்தார்கள். அந்தக் கணக்கில் சுமார் 1,600 குறைந்தது தெரிகிறது. இன்றைக்கும் உலகத்து விஞ்ஞானிகள் அந்தப் பழைய கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்கிறார்கள். ஒழுங்காக எழுதி வைத்த கணக்கு வீண் போகாது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

பிறகு என்ன ஆகும்?

கதவு மூடுகிறது. மேகம் கடந்து போனதும் வளையத்தில் ஓடிய துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்கின்றன. முதலில் வேகமாக, பிறகு நிதானமாக, பல நாட்களில் பழைய நிலை திரும்புகிறது. பிரசவித்த உடம்பு தேறுவது போல, எல்லாம் ஒரே நாளில் சரியாகி விடாது. பூமியைச் சுற்றிக் குளிர்ந்த மின்துகள்கள் நிரம்பிய ஒரு பகுதி உண்டு. 2024 மே புயலில் அதன் எல்லை சுமார் 44,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 9,600 கிலோமீட்டருக்குச் சுருங்கியதை ஜப்பானின் அராசே என்ற செயற்கைக் கோள் பார்த்தது. அது மறுபடி நிரம்ப நாலு நாளுக்கு மேல் ஆயிற்று.

அமுங்கி, நீண்டு, அறுந்து, சேர்ந்து, உள்ளே கொஞ்சம் வாங்கிக்கொண்டு, மெல்ல ஆறி, பழையபடி நிற்கிறது. நம் கவசம் கெட்டியாக விறைத்து நிற்பதால் நம்மைக் காப்பாற்றவில்லை, வளைந்து கொடுத்துத்தான் காப்பாற்றுகிறது.

நம் உடம்புக்கு என்ன?

கதவு திறந்ததே, துகள்கள் வந்ததே, அவை குழந்தை மேல் விழாதா என்று கேட்பீர்கள். விழாது. காந்தப் போர்வைக்குக் கீழே இன்னொரு போர்வை இருக்கிறது. நாம் மூச்சு விடும் காற்றுதான் அது. நம் தலைக்கு மேல் உள்ள காற்று முழுவதையும் எடை போட்டால் பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். துருவ ஒளியை உண்டாக்கும் துகள்கள் எல்லாம் சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே காற்றில் மோதி அடங்கி விடுகின்றன. தரையில் இருக்கும் நமக்கு, கர்ப்பிணிக்கு, பால் குடிக்கும் குழந்தைக்கு, அதனால் தீங்கில்லை. செல்போனை எட்ட வைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. (குழந்தை தலைமாட்டில் போன் வேண்டாம் என்றால் அது வேறு நல்ல பழக்கம். தாராளமாகச் செய்யுங்கள்.)

காந்த சக்தி குறைகிறதே, அது ரத்தத்தைப் பாதிக்காதா என்றும் சிலர் கேட்கிறார்கள். கணக்குப் பாருங்கள். தமிழ்நாட்டில் பூமியின் காந்த சக்தி சுமார் 40,000 நானோ டெஸ்லா. பெரிய புயலில் குறைவது 400. அதாவது நூற்றில் ஒரு பங்கு. உங்கள் ஃபிரிட்ஜ் கதவில் பொம்மை ஒட்டியிருக்கிறதே, அதன் பின்னால் உள்ள சின்னக் காந்தம், தொட்ட இடத்தில், பூமியைப் போல நூறு மடங்கு சக்தி உள்ளது. அதைத் தினமும் தொட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்? ஆகையால் புயலுக்குப் பரிகாரம் என்று யாராவது காந்த வளையலோ தாமிரக் காப்போ விற்க வந்தால், வாசலோடு அனுப்பி விடுங்கள்.

ஆபத்து கம்பியில்!

அப்படியானால் ஆபத்தே கிடையாதா? உண்டு. உடம்பில் அல்ல, கம்பியில்.

சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? உள்ளே காந்தம் சுற்றினால் கம்பியில் மின்சாரம் வந்து விளக்கு எரியும். காந்த சக்தி மாறினால் கம்பியில் மின்சாரம் பிறக்கும், அவ்வளவுதான் விஷயம். புயலின் போது பூமியின் காந்த சக்தி ஆடுகிறது. அந்த ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள மின்கம்பிகளில் வேண்டாத மின்சாரம் புகுந்து விடுகிறது. நம் வீட்டு மிக்ஸி, கிரைண்டர் கம்பியெல்லாம் நாலு முழம்தான். அதில் ஒன்றும் ஆகாது. ஊருக்கு ஊர் போகும் உயர்அழுத்தக் கம்பியில் புகுந்தது டிரான்ஸ்பார்மருக்குள் போய் அதைச் சூடாக்கும், குழப்பும்.

1989 மார்ச் 13-ஆம் தேதி கனடாவில் கியூபெக் மாகாணத்தில் இதுதான் நடந்தது. பின்னிரவு 2.44 மணி. கம்பிகளில் புகுந்த மின்சாரத்தால் பாதுகாப்புச் சாதனங்கள் ஒன்றன் பின் ஒன்றாக விலகிக்கொண்டன. சுமார் 90 செகண்டுக்குள் மாகாணம் முழுவதும் இருட்டு. 60 லட்சம் பேர். அந்த ஊரில் தரைக்குக் கீழே பழங்காலத்துக் கடும்பாறை. அதில் மின்சாரம் எளிதில் ஓடாது. ஆகவே கம்பியில் புகுந்து ஓடிற்று. நம் ஊரில் கரண்டு போனால் விசிறி நிற்கும், வியர்க்கும். அங்கே மார்ச் மாதத்தில் பனி. பெரும்பாலான வீடுகளில் குளிர் காயும் சாதனமே மின்சாரத்தில்தான் ஓடுகிறது. நள்ளிரவில் வீடு ஜில்லிட்டுப் போக, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாயும் என்ன பாடு பட்டிருப்பாள்! மறுபடி மின்சாரம் பெரும்பாலும் சீராக ஒன்பது மணி நேரம் ஆயிற்று. அந்தக் குழந்தைகளைத் தொட்டது சூரியத் துகள் இல்லை, கரண்டு இல்லாத குளிர்.

அதன் பிறகு பல நாட்டு மின்சாரக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். கருவிகளை மாற்றினார்கள், முன்னறிவிப்புக் கேட்டார்கள். 2003 அக்டோபரில் ஸ்வீடனின் மால்மோ நகரத்தில் சுமார் 50,000 பேருக்குக் கொஞ்ச நேரம் கரண்டு போயிற்று. 2024 மே மாதம் அத்தனை பெரிய புயல் வந்தும் எந்த நாட்டிலும் கியூபெக் போல ஆகவில்லை. ஆனாலும் அமெரிக்காவில் சோள விதைப்பு சமயத்தில், ஜி.பி.எஸ். வைத்து நேர்கோட்டில் ஓட்டும் டிராக்டர்கள் தடுமாறி, பல விவசாயிகள் வேலையை நிறுத்தி வைத்தார்கள். ஆகாயத்தில் பெரிய புயல்தான் கெடுக்கும் என்றும் இல்லை. 2022 பிப்ரவரியில் சாதாரணப் புயல் ஒன்று மேல்காற்றைச் சூடாக்கி உப்ப வைத்ததில், அப்போதுதான் அனுப்பிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக் கோள்களில் 38 வரை நஷ்டமாகி விட்டன.

நம் தமிழ்நாட்டில் இந்த ஆபத்து வெகு குறைவு. துருவத்தில் காந்தக் கோடுகள் செங்குத்தாகத் தரைக்குள் இறங்குகின்றன. துகள்கள் அந்த வழியே இறங்கி வரும். நம் தென்கோடியிலோ, திருநெல்வேலிச் சீமைப் பக்கம், கோடுகள் தரைக்குக் கிடையாகப் படுத்திருக்கின்றன. இப்படிப்பட்ட அபூர்வமான இடம் என்பதால்தான் அங்கே கிருஷ்ணபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் வைத்துப் பூமியின் காந்தத்தை அளக்கிறார்கள். கொடைக்கானல் மலையிலும் 1901-லிருந்து சூரியனைக் கவனித்து வருகிறார்கள்.

காவல் இருப்பவள் ஒரு செங்கோட்டைப் பெண்

இதைப் படிக்கிற தாய்மார்கள் பெண்குழந்தைகளிடம் அவசியம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று. மேகம் புறப்பட்டதை நாள் கணக்கில் முன்னாலேயே பார்த்து விடலாம். ஆனால் அதன் காந்தம் வடக்கே பார்க்கிறதா, தெற்கே பார்க்கிறதா, அதாவது கதவு திறக்குமா திறக்காதா என்பது, அது பக்கத்தில் வந்து கருவியைத் தொட்டால்தான் உறுதியாகத் தெரியும். அதற்காகவே பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில், சூரியனைப் பார்த்த பக்கம், சில விண்கலங்களைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். அங்கிருந்து தகவல் வந்தால் மின்சாரக்காரர்களுக்கு அரை மணி, ஒரு மணி அவகாசம் கிடைக்கும். நம் நாட்டின் ஆதித்யா-எல்1 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6-ஆம் தேதி அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் திட்டத்துக்கு இயக்குநராக இருந்தவர் நிகர் ஷாஜி. நம் செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர்!

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

காந்தப் புயலுக்கு என்று தனியாக ஒன்றும் வேண்டாம். கரண்டு எதனால் போனாலும், அது மழையோ, காற்றோ, வேறெதுவோ, வீட்டில் யார் உயிர் கரண்டை நம்பி இருக்கிறது என்று இன்றைக்கே ஒரு தடவை யோசித்து வையுங்கள்.

வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் வைத்திருக்கும் பெரியவர் இருந்தால், கரண்டு போனால் எத்தனை நேரம் தாங்கும், மாற்று சிலிண்டர் எங்கே கிடைக்கும் என்று டாக்டரிடம் முன்னாலேயே கேட்டு எழுதி வையுங்கள்.

இன்சுலின் போடுகிறவர் இருந்தால், ஃபிரிட்ஜ் நின்றதும் மருந்துச் சீசாவைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, தண்ணீர் உள்ள மண்பானையில் வையுங்கள். ஐஸ்கட்டி மேல் நேராக வைக்க வேண்டாம். உறைந்த இன்சுலின் பிரயோஜனப்படாது.

வேலைக்குப் போகும் தாய் எடுத்து வைத்த தாய்ப்பால் ஃபிரிட்ஜில் இருந்தால், கதவை அடிக்கடி திறக்காதீர்கள். முதலில் எடுத்து வைத்ததை முதலில் கொடுத்து விடுங்கள்.

ஒரு குடம் குடிநீர், டார்ச், நாலைந்து முக்கியமான போன் நம்பர்கள் எழுதிய காகிதம். போனில்தான் எல்லா நம்பரும் இருக்கிறது என்றால், போன் அணைந்த அன்று என்ன செய்வீர்கள்?

இனி அந்தச் செய்தி வந்தால் பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவளுக்குப் போன் போட்டு, "குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதும்மா, மாமனாரோட இன்சுலினை எங்கே வச்சிருக்கே?" என்று கேளுங்கள். அவளுக்கும் பயம் தெளியும், நாலு பேருக்கு உபகாரமாகவும் இருக்கும்.

அடுத்த இதழில் மண்பானை எப்படித் தண்ணீரைக் குளிர வைக்கிறது, புதுப் பானையை எப்படிப் பழக்குவது என்று பார்க்கலாம். வரட்டுமா?